வெள்ளை எலிக்கு ஏன் பதக்கம்? புகைப்படப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கும், ஊர்தோறும் இயற்கைப் புகைப்படப் போட்டிகளும் கண்காட்சிகளும் நடத்தும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பருந்து ஒன்று கேமராவை நோக்கி நேராக வருகிறது. இறக்கைகள் முழுதாக விரிந்திருக்கின்றன. கால்கள் முன்னால் நீண்டு, நகங்கள் திறந்து, சிவந்த கண் நம் கண்ணுக்குள் பார்க்கிறது. பின்னணி முழுவதும் ஒரே பச்சை. இந்தப் படத்தை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். எடுத்தவரும் ஊரும் மாறுவார்கள், படம் மாறாது. பரிசும் கொடுத்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

கருந்தோள் பருந்து வேட்டையாடுவதைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு அதன் முறை தெரியும். வயலுக்கு மேலே காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும். உடம்பு ஆடும், தலை ஆடாது. கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்கும். அப்புறம் இறக்கைகளை மேலே தூக்கிக்கொண்டு கால்களை நீட்டிப் புல்லுக்குள் செங்குத்தாக விழும். அந்த நேரத்தில் அது பார்ப்பது தரையை. வரப்பில் படுத்திருக்கும் ஆளின் லென்ஸுக்கு நேராக, தரையோடு தரையாக, நகம் விரித்து அது வருகிறதென்றால், லென்ஸுக்குப் பக்கத்தில் அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய எலி. நூலில் கட்டியிருப்பார்கள், அல்லது ஓட இடமில்லாத மேட்டில் விட்டிருப்பார்கள்.

ஒரு கண்காட்சியில் பதக்கம் வாங்கிய படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பருந்தின் காலில் இருந்த எலி பால் வெள்ளை. நம் வயல்களில் ஓடும் எலி எல்லாம் பழுப்பு, சாம்பல். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். “எலி எலிதானே சார், ஃபோகஸைப் பாருங்க, கண் எவ்வளவு ஷார்ப்” என்றார். ஃபோகஸ் உண்மையிலேயே பிரமாதம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

நேருக்கு நேர் வரும் பருந்துப் படம் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. வழக்கமாக உட்காரும் கம்பத்துக்குத் திரும்பி வரும் பறவையை அப்படி எடுக்க முடியும். அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் மேசையில் அவர்களுடைய படமும் நூலில் கட்டிய எலிப் படமும் ஒரே மதிப்பெண்ணுக்குப் போட்டி போடுகின்றன. பல நேரம் எலிதான் ஜெயிக்கிறது.

எலி வைப்பது மட்டும் அல்ல. புல்வெளிகளில் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் பூனைப்பருந்துகள் தரையில்தான் இரவு அடையும். அந்தி நேரத்தில் அவை இறங்கும் இடத்துக்குள்ளேயே ஜீப்பை ஓட்டி, எழும்பும்போது படம் எடுப்பவர்கள் உண்டு. மரத்தில் உட்கார்ந்திருக்கும் கழுகு ரொம்ப நேரமாகப் பறக்கவில்லை என்று கைதட்டுவது, கல் விடுவது எல்லாம் நடக்கிறது. சிங்கப்பூரில் ஒருவர், மீன் பிடிக்கும் கழுகைப் படமெடுக்க உயிருள்ள மீனுக்குள் தெர்மோகோல் திணித்து, தண்ணீரில் முங்காமல் மிதக்கவிட்டார். விஷயம் நீதிமன்றம் வரை போய் அபராதம் கட்டினார். அந்தக் கழுகு மீனோடு சேர்த்து தெர்மோகோலையும் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு எலி தின்றால் பருந்துக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். ஒரு எலியோடு நின்றால் ஒன்றும் குறையாது. ஆனால் நிற்பதில்லை. படம் வாட்ஸ்அப்பில் வந்த அடுத்த ஞாயிறு அதே வயலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் எலி அடைத்த ஒரு டப்பா இருக்கும். மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்று அந்தப் பறவை கற்றுக்கொள்ளும். கவண் வைத்திருப்பவன் யார், கேமரா வைத்திருப்பவன் யார் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த இடம் சாலையோரம் என்றால் இன்னும் மோசம். பக்கத்திலேயே கூடு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆள் கூட்டத்தைப் பார்த்துத் தாய்ப்பறவை கூட்டை விட்டு விலகி நிற்கும் நேரமெல்லாம் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதிக நேரம் தேவையில்லை. காக்கையும் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பல படக்காரர்களுக்குத் தெரியாது. நடுவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(16) ‘வேட்டை’ என்றால் என்ன என்று வரையறுக்கிறது. கொல்வது, விஷம் வைப்பது, பொறி வைப்பது மட்டும் அதில் இல்லை. காட்டு விலங்கை விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அப்படியே. அதாவது, துப்பாக்கி இல்லாமலே வேட்டை நடக்கலாம் என்று சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜீப்பில் விரட்டி எடுத்த பூனைப்பருந்துப் படத்துக்கு நீங்கள் சான்றிதழ் தரும்போது எதற்குத் தருகிறீர்கள் என்பதை ஒரு முறை யோசியுங்கள்.

சட்டத்தை விடுங்கள், உங்கள் சொந்த விதியைப் பார்ப்போம். நம் ஊரில் ‘சலோன்’ என்ற பெயரில் நடக்கும் பல புகைப்படப் போட்டிகள் அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாப் ஆகியவற்றின் அங்கீகாரத்தோடு நடக்கின்றன. அழைப்பிதழில் அந்தச் சின்னங்களைப் பெரிதாகப் போடுகிறீர்கள். பிஎஸ்ஏவின் இயற்கைப் பிரிவு விதிகளில், படத்தைவிட அந்த உயிரின் நலனே முக்கியம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உயிருள்ள இரையை வைத்து எடுத்த படங்களை எந்த இயற்கைக் கண்காட்சியிலும் ஏற்கக்கூடாது என்றும் இருக்கிறது. லண்டனிலிருந்து ஆண்டுதோறும் நடத்தப்படும் உலகக் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியும் உயிருள்ள இரையை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவின் ஆடுபான் அமைப்பும் பருந்து, ஆந்தைகளை உயிர் இரை காட்டி இழுக்காதே என்கிறது. ஆக, விதி ஏற்கெனவே இருக்கிறது. படம் அனுப்புகிறவரிடம் அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

“நாங்கள் ரா ஃபைல் வாங்கிச் சரிபார்க்கிறோமே” என்று சில பொறுப்பாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத மூலக் கோப்புதான் ரா ஃபைல். நல்லது. ஃபோட்டோஷாப்பில் பறவையை வெட்டி ஒட்டியிருந்தால் ரா ஃபைல் காட்டிக்கொடுக்கும். ஃபிரேமுக்கு வெளியே கிடந்த எலி டப்பாவை அது காட்டாது. 2009இல் அந்த உலகப் போட்டியின் முதல் பரிசு, இரவில் ஒரு கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படத்துக்குப் போனது. படத்தில் ஒட்டுவேலை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஓநாய் பழக்கப்பட்ட விலங்காக இருக்கலாம் என்று மற்றவர்கள் சந்தேகம் எழுப்பினார்கள், விசாரித்தார்கள், 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டியின் மரியாதை அதனால் குறைந்துவிடவில்லை. இங்கே மட்டும், “பரிசு கொடுத்த பிறகு கிளறினால் சங்கத்துக்குக் கெட்ட பேர்” என்று பயப்படுகிறோம்.

இரை வைக்காமல் எடுக்க முடியாதா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனித்ததே இல்லை என்பது என் அனுபவம். பெரிய பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். காற்றும் வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருந்தால் பறவை தானாகவே நம்மை நோக்கி வரும், வெளிச்சமும் அதன் முகத்தில் விழும். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், காலைச் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். ஆகவே காலையில் மேற்கே பார்த்து நின்றால் இரண்டும் முதுகுக்குப் பின்னால். ஆனி, ஆடியில் தலைகீழ். காற்று மேற்கிலிருந்து வரும், அப்போது மாலையில் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். ஆடி மாதக் காலையில் போய் நின்றுவிட்டு, எல்லாப் பறவையும் வாலைத்தான் காட்டுகிறது என்று புலம்புவதில் பயனில்லை.

அப்புறம் வெளிச்சம். நடுப்பகலில் வெளிறிய வானத்துக்கு எதிரே கரும்பருந்து வெறும் நிழல்தான். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப்பாவது (இரண்டு மடங்கு) கூட்டினால்தான் இறகு தெரியும். வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு நேர்வெயிலில் அதே கணக்கைப் போட்டால் வயிறு வெள்ளைக் காகிதமாகிவிடும், அங்கே குறைக்க வேண்டும். இறக்கையின் அடிப்பக்கம் இருட்டாக விழுவதுதான் எல்லோருடைய தலைவலி. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளங்களில் நின்று எடுத்தவர்களுக்கு அந்தத் தலைவலி குறைவு. உப்பிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து இறக்கையை நிரப்பிவிடும். இதற்கெல்லாம் பணம் தேவையில்லை, இடம் தெரிந்தால் போதும்.

வட்டமடிக்கும் கழுகுக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1/1600 தாராளம். பாய்ந்து மீன் எடுக்கும் விரால் அடிப்பான் பறவைக்கு 1/3200 வைப்பது பாதுகாப்பு. உட்கார்ந்திருக்கும் பறவை எப்போது எழும்பும் என்று அதுவே சொல்லும். முன்னால் சாயும், காலை மாற்றி வைக்கும், பெரும்பாலும் எச்சமிட்டுவிட்டுத்தான் கிளம்பும். கல் விடுகிற நேரத்தில் இதைக் கவனித்தால் போதுமே! இப்போது வரும் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்து விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய ஃபிரேம்களைக்கூடச் சேமித்துத் தருகிற வசதி வந்துவிட்டது. கருவி இவ்வளவு சுலபமாக்கிய பிறகும் எலி தேவைப்படுகிறது என்றால் குறை கருவியில் இல்லை.

கண் மட்டத்தில் படம் வேண்டும், அதற்காகத்தான் இரை வைக்கிறோம் என்பவர்கள் மலைக்கு வரட்டும். நீலகிரியில் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கு. வெயில் ஏறித் தரை சூடானதும் வெப்பக்காற்று மேலெழும்பும். அதில் ஏறிவரும் பறவைகளை முதலில் மேலிருந்து முதுகுப்பக்கமாகவும், பிறகு நேர் மட்டத்திலும், கடைசியில் தலைக்கு மேலும் பார்க்கலாம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி மருந்தால், அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) நாடு முழுவதும் செத்து விழுந்து, 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்த பிறகும் தென்னிந்தியாவில் அவை தாக்குப்பிடிக்கும் முக்கியமான இடம் அந்தப் பள்ளத்தாக்குதான். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஆற்றோர நீர்மருத மரங்களில் உள்ள கூட்டுக்குக் கீழே போய் நின்று படம் எடுப்பதைவிட, மலைமேலிருந்து எடுப்பது பறவைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. குன்னூர், வால்பாறைப் பக்கம் கருங்கழுகு சோலை மரங்களின் உச்சியை ஒட்டி மெதுவாக மிதந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பறப்பதை எடுக்கப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நிதானமான ஆசிரியர் கிடையாது.

அதற்கும் நேரமில்லை என்றால் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. சென்னை காசிமேட்டில் ஏலம் முடிந்து கழிவு கொட்டப்படும் இடங்களில் கரும்பருந்தும் செம்பருந்தும் சுற்றிக்கொண்டே இருக்கும். இதுவும் இரை வைப்பதுதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லை. மீனவர்கள் நமக்காகக் கொட்டவில்லை. நாம் போகாவிட்டாலும் பருந்து வரும், நாம் போனாலும் அதன் நாள் மாறுவதில்லை. அந்த வித்தியாசம் போதும் எனக்கு.

இன்னொரு வாதமும் உண்டு. வேல்ஸ் நாட்டில் கிக்ரின் பண்ணையில் தினமும் இறைச்சி போட்டுச் செம்பருந்து இனத்தின் உறவுக்காரப் பறவைகளை வரவழைக்கிறார்கள், ஜப்பானின் ராவுசுவில் படகிலிருந்து மீன் வீசிக் கடற்கழுகுகளைக் காட்டுகிறார்கள், நார்வேயிலும் அப்படித்தான், இங்கே மட்டும் ஏன் குதிக்கிறீர்கள் என்று. நம் ஊரிலேயே திருக்கழுக்குன்றத்தில் மஞ்சள்முகப் பாறுகளுக்கு உச்சிவேளையில் மலைமேல் அமுது வைத்தார்களே என்றும் கேட்பார்கள். 1990களில் அவை வருவது நின்றுபோன கதையும் எல்லோருக்கும் தெரியும். அங்கே எல்லாம் சோறு போடுவது ஊரறிய நடந்தது, நடக்கிறது. கிக்ரினில் எடுத்த படத்தைப் பார்த்ததும் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அங்கே கூட இதெல்லாம் சரியா என்று விவாதம் ஓயவில்லை. மலேசியாவில் லங்காவிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்த்திருப்பார்கள், படகுக்காரர்கள் கோழித்தோல் வீசிக் கழுகு காட்டுவதை. அந்தத் தோலில் பறவைக்கு வேண்டிய சத்து இல்லை என்று அங்குள்ள இயற்கை ஆர்வலர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எப்படியானாலும் அந்த நாடுகளின் சட்டம் வேறு. நம் சட்டம் இரை வைப்பதை வேட்டை என்கிறது. அதோடு, மறைத்து வைத்த எலியைக் காட்டில் நடந்த வேட்டை என்று தலைப்புப் போட்டு அனுப்புவது எந்த நாட்டிலும் பொய்தான்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்?

விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: இந்தப் படம் எடுக்கும்போது இரை, பறவையை வரவழைக்கும் குரல் ஒலிப்பதிவு, ட்ரோன், வண்டியால் விரட்டுதல் இவற்றில் எதையாவது பயன்படுத்தினீர்களா? பொய் சொல்பவர் சொல்லத்தான் செய்வார். ஆனால் கேள்வி இருந்தால் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், பின்னால் தெரிந்தால் பரிசைத் திரும்பக் கேட்க ஒரு பிடி இருக்கும். கடைசிச் சுற்றுக்கு வரும் பருந்து, கழுகு, ஆந்தைப் படங்களுக்கு மட்டும் அந்த ஒரு ஃபிரேமோடு நிறுத்தாமல், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களையும் கேளுங்கள். நொடிக்கு இருபது எடுக்கிற காலத்தில் யாரிடமும் ஒற்றைப் படம் மட்டும் இருக்காது. வரிசையைப் பார்த்தாலே பறவை எங்கிருந்து வந்தது, எதைப் பார்த்து வந்தது என்று பாதிக்கு மேல் புரிந்துவிடும். மொத்தத்தையும் அழித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

கூடு, முட்டை, குஞ்சு இருக்கும் படங்களை வேட்டைப் பறவைகள் விஷயத்தில் முழுக்கவே நிறுத்திவிடுங்கள். இதில் விதிவிலக்கு தேடினால் விதியே இல்லாமல் போய்விடும். பரிசுப் படங்களை வெளியிடும்போது ஊர், குளம், பாறை என்று இடத்தைத் துல்லியமாகப் போடாதீர்கள். மாவட்டம் போதும். தேர்வுக் குழுவில் பறவை தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். படக்கலை தெரிந்தவர் மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒருவராவது பறவையின் பழக்கம் தெரிந்தவராக இருந்தால், அந்த வெள்ளை எலி மேடை ஏறியிருக்காது.

இதையெல்லாம் விட முக்கியமாக உங்கள் மதிப்பெண் பழக்கத்தை மாற்றுங்கள் என்று கேட்கிறேன். நகம் விரித்த, கண்ணைப் பார்க்கும், ஃபிரேம் நிரம்பிய படத்துக்கே நீங்கள் தொடர்ந்து மதிப்பெண் போடுவதால்தான் இளைஞர்கள் அதையே தேடி ஓடுகிறார்கள். அறுவடை முடிந்த பெரிய வயலின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூனைப்பருந்து தாழப் பறக்கும் படம் உங்களிடம் வந்தால் ‘சப்ஜெக்ட் ரொம்பச் சின்னது’ என்று தள்ளிவிடுகிறீர்கள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் கட்டடங்களின் பின்னணியில் இரை தேடும் சேற்றுப் பூனைப்பருந்தை எடுத்து அனுப்பினால் ‘பின்னணி சுத்தமில்லை’ என்கிறீர்கள். அந்தப் பறவை இன்று வாழ்கிற இடம் அதுதானே ஐயா? சுத்தமான பின்னணிக்கு அது எங்கே போகும்?

செப்டம்பர், அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிடும், கூடவே பெரிய லென்ஸ்களும் கிளம்பும். அடுத்த போட்டிக்கான விண்ணப்பப் படிவத்தை நீங்கள் அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள். எந்தச் சங்கம் முதலில் சேர்க்கிறதோ அந்தப் போட்டிக்கு நானும், என்னோடு சேர்ந்து படமெடுக்கும் நண்பர்களும் நுழைவுக் கட்டணம் கட்டிப் படம் அனுப்புவோம். சேர்க்க முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் பொதுவில் எழுதுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வானத்தைப் பார்த்து நிற்கும் படக்காரர்களில் ஒருவன்